பேண்டு ஃபீஸா, நன்கொடையா, மொய்யா?

கிளாரினெட் அப்பா:

டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இந்த வருடம் ஒன்பதாவது, ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் (மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் குழு) கிளாரினெட் வாசிக்கிறாள். ஆறாவதில் ஏதாவது ஒரு கலைப்பாடம் எடுக்கச் சொன்னார்கள். ஓவியம் வராது, நாடகம் என்றால் கூச்சம், அதனால் பேண்டு. அப்படி ஒப்புக்குச் சேர்ந்தவள் இப்போது சாப்பாட்டு மேசையில்கூட விரலால் கிளாரினெட் சாவிகளை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் பூஸ்டர் கிளப்பிலிருந்து மெயில். (தெரியாதவர்களுக்கு: அது பள்ளி நிர்வாகம் இல்லை, பேண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் சங்கம்.) பிள்ளைக்கு 1,150 டாலர், மூன்று தவணை. ஷூ, கையுறை, ஒரு கேலன் தண்ணீர் ஜாடி தனி. கட்ட முடியாதவர்கள் ‘சம்பாதித்து’க் கழிக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஃபுட்பால் ஸ்டேடியத்தின் கன்செஷன் ஸ்டாண்டில் (தின்பண்டக் கடை) ஒரு ஷிஃப்ட் நின்றால் 60 டாலர் நம் பிள்ளையின் கணக்கில் ஏறும். குக்கீ மாவு ஒரு டப்பா விற்றால் 6 டாலர். இதற்கு மேல் குடும்பத்துக்கு 20 மணி நேரம் வாலண்டியர் வேலை, செய்யாவிட்டால் 200 டாலர்.

அப்புறம் அக்டோபர் காலண்டர். 31 கட்டம். ஒவ்வொரு தேதியையும் யாராவது ‘வாங்க’ வேண்டும். 1ஆம் தேதிக்கு ஒரு டாலர், 31ஆம் தேதிக்கு 31 டாலர். எல்லாம் நிரம்பினால் 496. மகள் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கிறாள்.

இரண்டே கேள்வி. இது எல்லா ஊரிலும் உள்ளதுதானா? மனைவி எச்-4 விசாவில் (என் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறாள், வேலை அனுமதி இல்லை. அவள் அந்த ஸ்டாண்டில் நிற்கலாமா?

சிக்கனம் சிவா:

எல்லா ஊரிலும் உள்ளதுதான். அதுதான் பிரச்சினையே.

வீட்டுக்கு வருடாவருடம் சொத்து வரி கட்டுகிறோம், அதில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குத்தான் போகிறது. அதையும் கட்டிவிட்டு என் பிள்ளை கிளாரினெட் ஊத நான் நாச்சோஸ் விற்க வேண்டுமா? உங்கள் பக்கத்திலேயே ஆலன் ஊரில் 2012-ல் 6 கோடி டாலருக்கு 18,000 பேர் உட்காரும் ஹைஸ்கூல் ஸ்டேடியம் கட்டினார்கள். இரண்டு வருடத்துக்குள் கான்கிரீட்டில் விரிசல், 2014-ல் மூடி, சரிபார்த்து, மறுபடி 2015-ல் திறந்தார்கள். அதற்குக் காசு இருக்கிறது. ட்ரம்பெட்டுக்கு என்றால் உண்டியல் வந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். இந்தக் குக்கீ மாவை யார் வாங்குகிறார்கள்? அதே இருபது தமிழ்க் குடும்பம். உங்கள் பெண்ணிடம் நான் வாங்குவேன், என் பையனிடம் நீங்கள் வாங்குவீர்கள். இருவரும் 20 டாலர் கொடுத்து, 6 டாலர் பேண்டுக்குப் போய், மீதி 14 மாவுக் கம்பெனிக்கு. என் ஃப்ரீசரில் இன்னும் மூன்று டப்பா இருக்கிறது. இட்லி மாவு வைக்க இடமில்லை.

மல்லிகா (பேண்டு அம்மா x 2):

சிவா சார், இட்லி மாவு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மற்றதில் இல்லை.

நான் வேறொரு ஊரில் மூன்று வருடம் பூஸ்டர் கிளப்பின் பொருளாளராக இருந்தேன். பேண்டு வேறு, பாண்டு வேறு. ஸ்டேடியம் கட்டியது கடன்பத்திரப் பணத்தில், அதாவது பாண்டில். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதிப்பது அது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், பஸ் வாங்கலாம், டியூபா, மரிம்பா, யூனிஃபார்ம்கூட வாங்கலாம். ஆனால் அன்றாடச் செலவுக்கு எடுக்க முடியாது. நீங்கள் சொன்ன ஆலனில் 2009-ல் ஓட்டுப் போட்ட அதே பாண்டில் ஸ்டேடியத்தோடு ஒரு கலையரங்கமும் சேர்ந்துதான் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் கணக்கில் பணம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன். ஷோவுக்கு இசையைப் பிரித்து எழுதுபவருக்கு ஒரு தொகை, மைதானத்தில் யார் எந்த எண்ணிக்கையில் எங்கே நிற்க வேண்டும் என்று வரைகிறவருக்கு ஒரு தொகை. பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டும். டிரம்லைனுக்கும் கலர் கார்டுக்கும் (கொடி சுழற்றி ஆடுபவர்கள்) தனித்தனிப் பயிற்சியாளர். போட்டி நுழைவுக் கட்டணம். மூன்று ட்ரெய்லருக்கு டீசல், இன்ஷூரன்ஸ். வெள்ளிக்கிழமை மேட்சுக்கு முன்னால் 180 பிள்ளைகளுக்குச் சாப்பாடு. யூனிஃபார்ம் சலவை. (டெக்சஸ் செப்டம்பரில் கம்பளி கோட்டில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளின் யூனிஃபார்ம் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு சலவைச் செலவைப் பற்றிப் பேச மாட்டீர்கள்.)

பள்ளி தருவது டைரக்டர்களின் சம்பளம், அறை, பெரிய வாத்தியங்கள். மீதி நாங்கள்.

சிக்கனம் சிவா:

> மீதி நாங்கள்.

அந்த ‘மீதி’யை யார் கூட்டிக்கொண்டே போனது? 30 வருடம் முன்னால் பேண்டு என்றால் ஒரே மாதிரிக் கோட்டு, நான்கு பாட்டு, ஹாஃப் டைமில் ஓர் அணிவகுப்பு. இப்போது பன்னிரண்டு அடி உயரத்தில் சக்கரம் வைத்த கண்ணாடிச் சுவர், மேடை, ஸ்பீக்கர், எல்லாம் மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். மாநிலப் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் அமைப்பின் போட்டி போதாது என்று பிஓஏ என்ற தேசியப் போட்டி, அதற்கு இண்டியானாபோலிஸ் வரை பயணம். அல்லது நன்றி தெரிவிக்கும் நாளன்று நியூயார்க் மேசீஸ் பரேடு, அங்கே டிவியில் முகம் தெரிவது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குக் குடும்பத்துக்கு எத்தனை ஆயிரம்? பக்கத்து ஊர் சுவர் வைத்தால் நாமும் சுவர் வைக்க வேண்டும். கல்யாண மண்டபத்து வாசல் அலங்காரம் மாதிரிதான் இதுவும்.

மல்லிகா (பேண்டு அம்மா x 2):

கல்யாணம் என்று நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள், கேட்டுவிடுகிறேன். அரங்கேற்றத்துக்கு நம் ஆட்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள்? மண்டபம், இந்தியாவிலிருந்து மிருதங்கம், வயலின், பாட்டு என்று பக்கவாத்தியக்காரர்களுக்கு விமான டிக்கெட், பட்டு, நகை, 400 பேருக்குச் சாப்பாடு, வந்தவர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு. ஒரு பெண் ஒரு நாள் மாலை ஆட. அதற்கு யாரும் இப்படிக் கணக்குக் கேட்டு எழுதி நான் பார்த்ததில்லை. இங்கே 180 பிள்ளைகள், நாலரை மாதம், கையில் பேருக்கு ஒரு வாத்தியம். 1,150 டாலர் கண்ணைக் கரிக்கிறது.

சிக்கனம் சிவா:

அரங்கேற்றம் நம் சொந்தக் காசு, சொந்த ஆசை. பிடிக்காவிட்டால் செய்யாமல் இருக்கலாம். இது அரசுப் பள்ளி. வித்தியாசம் இல்லையா?

(எங்கள் வீட்டில் அரங்கேற்றம் வைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மனைவியிடம் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.)

ஃப்ரீமான்ட்காரன்:

சிவா சொல்கிற வித்தியாசத்தைக் கலிஃபோர்னியா சட்டமாகவே வைத்திருக்கிறது. 1984-ல் ஹார்ட்செல் எதிர் கானல் வழக்கில் எங்கள் மாநில உச்சநீதிமன்றம், பாடத்துக்கு வெளியே உள்ள இசை, விளையாட்டு எல்லாம்கூடக் கல்வியின் பகுதிதான், இலவசப் பள்ளி என்றால் அதற்கும் ஃபீஸ் வாங்கக்கூடாது என்றது. ‘ஏழைகளுக்கு மட்டும் தள்ளுபடி தருகிறோம்’ என்ற சமாதானமும் எடுபடவில்லை. அப்புறம் 2012-ல் ஏபி 1575 என்று ஒரு சட்டம், புகார் கொடுக்க வழிமுறையோடு.

அதனால் எங்களுக்கு 1,150 டாலர் ஃபீஸ் என்று யாரும் மெயில் அனுப்ப முடியாது. அதற்குப் பதிலாக என்ன வரும் தெரியுமா? ‘ஒரு மாணவருக்கு ஆகும் செலவு இவ்வளவு, தங்களால் இயன்ற நன்கொடையை வேண்டுகிறோம்’ என்று, தொகையைத் தடித்த எழுத்தில் போட்டு. கொடுக்காவிட்டால் பிள்ளையை நிறுத்த முடியாது, நிறுத்தவும் இல்லை. ஆனால் போன வருடம் பாதிப்பேர் கொடுக்கவில்லை, மரிம்பா பக்கத்துக்குப் பயிற்சியாளர் வரவில்லை. இலவசம் என்று சட்டம் சொல்லிவிட்டது. காசை யார் தருவது என்று சொல்லவில்லை.

கிளாரினெட் அப்பா:

டெக்சஸில் அப்படி இல்லை போலிருக்கிறதே?

வரிக்கணக்கு வாசுகி:

இல்லை. டெக்சஸ் கல்விச் சட்டம் 11.158 பிரிவில் வாத்தியம், யூனிஃபார்ம் வாடகை மாதிரிச் சில கட்டணங்களைப் பள்ளி மாவட்டம் வாங்கலாம். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு அளிக்க ஒரு நடைமுறை வைத்தே ஆக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அது மாவட்டம் வாங்கும் கட்டணத்துக்கு. பூஸ்டர் கிளப் தனிச் சங்கம். முதலில் அந்த 1,150-ல் எவ்வளவு பள்ளிக்கு, எவ்வளவு கிளப்புக்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. முதல் பதிவில் ‘நம் பிள்ளையின் கணக்கில் ஏறும்’ என்று ஒரு வரி இருக்கிறதே, இத்தனை பேர் படித்தும் யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது.

பூஸ்டர் கிளப்கள் பெரும்பாலும் 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பெற்றவை. பொது நன்மைக்காக நடத்துகிறோம் என்று சொல்லி வாங்கிய விலக்கு. நீங்கள் விற்ற அளவுக்கு உங்கள் பிள்ளையின் ஃபீஸ் மட்டும் குறைகிறது என்றால் அது பொது நன்மை இல்லை, உங்கள் வீட்டு நன்மை. விர்ஜீனியாவில் கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் என்று ஒன்று இப்படித்தான் பெற்றோருக்குப் புள்ளி போட்டு நடத்திவந்தது. விற்காதவர்கள் முழுத்தொகை கட்ட வேண்டும், விற்றவர்களுக்கு அந்தப் புள்ளி அளவு கழியும். வருமான வரித்துறையான ஐஆர்எஸ் விலக்கை ரத்து செய்தது, கிளப் வழக்குப் போட்டது, 2013-ல் வரி நீதிமன்றம் ஐஆர்எஸ் பக்கமே தீர்ப்பளித்தது.

சட்டப்படி வழி எளிதுதான். திரட்டிய பணம் எல்லாம் ஒரே பானையில். அதிலிருந்து எல்லோருடைய ஃபீஸும் ஒரே அளவு குறையட்டும். அல்லது வசதி இல்லாதவர்களுக்கு, விற்றார்களா இல்லையா என்று பார்க்காமல், உதவி செய்யட்டும்.

எச்-4 கேள்விக்கு: கூலி வாங்காத சேவை வேறு. ஒரு ஷிஃப்டுக்கு 60 டாலர் உங்கள் பாக்கியில் கழிகிறது என்றால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது கூலி. நான் கணக்காளர், விசா வக்கீல் இல்லை. வக்கீலைக் கேட்காமல் உங்கள் மனைவியை அந்த ஸ்டாண்டுக்கு அனுப்பாதீர்கள். யூனிஃபார்முக்குப் பொத்தான் தைக்க, மைதானத்தில் தண்ணீர் கொடுக்க எப்போதும் ஆள் தேவை, அதற்குப் போகட்டும்.

தஞ்சாவூர் தாத்தா (ஆறு மாத விசா):

பிள்ளைகளா, நான் இங்கே மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேத்தி ஒரு பேண்டில் இருக்கிறாள் என்பதால் இதையெல்லாம் படிக்கிறேன்.

வாசுகி அம்மா சொன்னது எனக்கு இப்படிப் புரிகிறது. எங்கள் ஊரில் பணம் திரட்ட மூன்று வழி. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, வீட்டுக்கு இவ்வளவு என்று பஞ்சாயத்தில் பேசி வைப்பது, ஏழைக்கு விட்டுக்கொடுப்பார்கள். இரண்டாவது உண்டியல், யார் போட்டார் எவ்வளவு போட்டார் என்று சாமிக்குத்தான் தெரியும். மூன்றாவது மொய். அதற்கு நோட்டு உண்டு, பேர் உண்டு, நான் வைத்தது எனக்குத் திரும்பி வரவேண்டும். உங்கள் பூஸ்டர் கிளப் கேட்கும்போது உண்டியல் என்று கேட்கிறது, வாங்கும்போது தலைக்கட்டு வரியாக வாங்குகிறது, எழுதும்போது மொய் நோட்டில் எழுதுகிறது. அதுதானே தகராறு?

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். பந்து விளையாட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை, நம் பள்ளி தோற்றுக்கொண்டிருந்தது என்று மகன் சொன்னான். இடைவேளை விட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து தின்பண்டத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் இந்தப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பாவம், யாரும் இல்லாத நாற்காலிகளுக்கா வாசிப்பது என்று நினைத்தேன். ஆனால் ஒரு பிள்ளைகூடக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மேடை மேல் நிற்கும் ஒரு பெண் பிள்ளையின் கையில். பின்பக்கமாக நடக்கிறார்கள், குறுக்கே நடக்கிறார்கள், நடந்துகொண்டே ஊதுகிறார்கள், ஒருவரோடு ஒருவர் இடிக்கவில்லை. நாகஸ்வரக்காரர்கள் வீதியுலாவில் நடந்து வாசிப்பார்கள், ஆனால் நின்று நின்று. இது வேறு தினுசு.

பேத்தி வாசிப்பதும் கிளாரினெட்தான். எங்கள் தஞ்சாவூர் அரண்மனை பேண்டிலிருந்து சதிர்க் கச்சேரிக்கு (இன்றைய பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) வந்த வாத்தியமாயிற்றே அது. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டை அவளுக்கு யூடியூபில் போட்டுக் காட்டினேன். ‘தாத்தா, இவர் எப்படிச் சுரத்தை இப்படி வளைக்கிறார்’ என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சிக்கனம் சிவா:

ஐயா, ‘எழுதும்போது மொய் நோட்டு’ என்பதை என் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்.

ஆனால் தலைக்கட்டு வரிக்கு ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டார்கள். இங்கே மே மாதம் பேண்டுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, ஜூலை கடைசியில் கேம்ப் ஆரம்பம், அதன் பிறகு ரசீது வருகிறது. பிள்ளை சிநேகிதர்கள் பிடித்துவிட்டான், வெளியே எடுக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்?

பழைய டியூபா:

வணக்கம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ்ப்பள்ளித் தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். (அந்தத் தமிழ்ப்பள்ளியிலும் கடைசி மூன்று வருடம் அக்டோபர் சனிக்கிழமைகளில் நான் இல்லை. காரணம் பேண்டு.)

நான்கு வருடம் சூசஃபோன் (நடந்துகொண்டே வாசிக்கும் டியூபா) தூக்கினேன். வாத்தியம் பள்ளியுடையது. தோளில் வட்டமாகச் சுற்றிக்கொள்ளும், முதல் வாரம் கழுத்தெலும்பு பக்கம் நீலமாகிவிடும், அம்மா அழுதார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சுவரும் மேடையும்தான் தெரிகிறது. எங்களுக்கு அது நடைதான். ஐந்து கஜத்துக்கு எட்டு அடி எடுத்துவைக்க வேண்டும், அப்படியென்றால் ஓர் அடி 22.5 அங்குலம். நான் ஆறடி, எனக்கு முன்னால் நிற்கும் பெண் ஐந்தடி. இருவருக்கும் அதே 22.5. ஆகஸ்டில் பார்க்கிங் லாட் தாரில் அதை மட்டும் மணிக்கணக்காகப் பழகுவோம், வாத்தியமே இல்லாமல். பள்ளி திறந்தபின் வகுப்பு நேரத்துக்கு வெளியே பள்ளி வாரத்துக்கு 8 மணி நேரம்தான் பயிற்சி என்று யுஐஎல் விதி இருக்கிறது. சனிக்கிழமை அந்த எட்டில் வராது, அது எல்லா டைரக்டருக்கும் தெரியும்! ஏதாவது பாடத்தில் ஃபெயில் ஆனால் போட்டிக்கு வர முடியாது, அது 1984-லிருந்து மாநிலச் சட்டம். எங்கள் பேண்டில் ஒரு பையன் அக்டோபரில் அப்படி நின்றுபோனான். அவன் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டு ஆடினோம். மேலே இருந்து பார்த்தால் வளைவில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கும்.

இவ்வளவும் எட்டு நிமிட ஷோவுக்கு. சிவா அங்கிள் கேட்பார், எட்டு நிமிடத்துக்கா என்று. ஆமாம்.

நிதி திரட்டல் பற்றி. குக்கீ மாவு எனக்கு வெறுப்பு. வீட்டு வாசலில் மணி அடித்து நிற்பது, கதவைத் திறந்தவர் முகம் மாறுவது, இரண்டும் ஞாபகம் இருக்கிறது. கன்செஷன் ஸ்டாண்டு அப்படி இல்லை. அப்பாவும் நானும் நாலைந்து ஞாயிறு போனோம். மேட்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போக முடியாது, மிச்சம் எண்ண வேண்டும். எத்தனை டாலர் வந்தது என்பதைவிட எத்தனை காகிதக் கோப்பை குறைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. கோப்பைக்கும் காசுக்கும் இடித்தால் நம் பங்கில் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் ஏழு கோப்பை குறைந்தது. அப்பா, ஐடி கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவர், சீஸ் ஒட்டிய சட்டையோடு தரையில் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினார். கடைசியில் ஏழும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் கிடந்தன. காரில் வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். ஹைஸ்கூலில் அப்பாவோடு அப்படிச் சிரித்த ஞாபகம் அதிகம் இல்லை.

சிக்கனம் சிவா:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய், உன் தமிழ் என் பையனுக்கு வந்தால் போதும். ஆனால் உன் கதையிலேயே என் கேள்வி இருக்கிறது. அந்த ஸ்டாண்டை நடத்துவது லாப நோக்கக் கம்பெனி. விற்பனையில் சிறு பங்கை உங்கள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு ஆள் கூலி மிச்சம் பிடிக்கிறது. கோப்பை தொலைந்தால் அதையும் உங்கள் தலையில் கட்டுகிறது. உன் அப்பா தரையில் உட்கார்ந்து எண்ணியது யாருக்காக?

பழைய டியூபா:

எனக்காகத்தான் அங்கிள்.

பெயர் வேண்டாம்:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தனியாக ஒரு பையனை வளர்க்கிறேன். அவன் பேரிடோன் சாக்ஸஃபோன் வாசிக்கிறான், அதுவும் பள்ளியுடையது. எனக்கு வார இறுதியில் வேலை, ஞாயிறு ஸ்டேடியம் முடியாது. ஃபீஸ் விலக்கு கேட்டேன், டைரக்டர் கண்ணியமாக நடத்தினார், இரண்டு கையெழுத்து, முடிந்தது. அதுவரை சரி.

ஆனால் பேண்டு ஹாலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. செக்‌ஷன் வாரியாகப் பேர், பக்கத்தில் யார் எவ்வளவு திரட்டினார்கள் என்று. முதல் பத்துப் பேருக்குப் பீட்சா. என் பையன் பேருக்கு நேரே சைபர். அவன் என்னிடம் சொல்லவே இல்லை. நீர் ஜாடியை மறந்துவிட்டான் என்று கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். பலகையில் அவன் பேர் எழுதிய இடத்தில் விரலால் தேய்த்த தடம் இருந்தது. யார் தேய்த்தார்கள் என்று தெரியாது.

மல்லிகா அக்கா, நீங்கள் பொருளாளராக இருந்தீர்கள் என்பதால் கேட்கிறேன். அந்தப் பலகை எதற்கு?

மல்லிகா (பேண்டு அம்மா x 2):

எங்கள் ஹாலிலும் இருந்தது. நான்தான் வாரா வாரம் எழுதினேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்று நினைத்தேன். முதல் பத்துப் பேர் யார் என்று பார்த்தேனே தவிரக் கடைசி வரியை ஒருநாளும் நின்று படித்ததில்லை.

அது தப்பு. எடுத்துவிடச் சொல்லி உங்கள் கிளப்புக்கு எழுதுங்கள், மெயில் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் பேர் வராமல் நானே எழுதித் தருகிறேன்.

சிவா சாருக்கு ஒரு வார்த்தை: இதை வைத்து ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். பலகை தப்பு என்பதால் பேண்டு தப்பாகிவிடாது. நாங்கள் 1,150 கேட்காவிட்டால் முதலில் போவது யார் தெரியுமா? தனிப் பயிற்சிக்கு வீட்டில் காசு கொடுக்க முடியாத பிள்ளை. மற்றவர்கள் வெளியே ஆசிரியர் வைத்துக்கொள்வார்கள். மரக் கிளாரினெட் ஒன்று கச்சேரிக்கு, வெயிலில் எடுத்துப்போக பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று என்று இரண்டு வாங்குகிற வீடுகளும் இருக்கின்றன.

சிக்கனம் சிவா:

ஆரம்பிக்கவில்லை. பலகையைப் பற்றி எனக்கே தெரியாது. என் பையன் பேர் அதில் எங்கே இருக்கிறது என்று இன்று கேட்டேன். ‘நடுவில்’ என்றான். மேலே எதுவும் சொல்லவில்லை.

ஆனாலும் என் கட்சி அதேதான். அந்த 1,150-ஐ மாவட்டத்தின் பட்ஜெட்டில் கேளுங்கள். மாவட்ட போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருகிறார்கள். குக்கீ மாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் நூறு பெற்றோர் அங்கே போய் வரிசையில் நின்றால் என்ன?

ஃப்ரீமான்ட்காரன்:

நாங்கள் நின்றோம் சிவா. நூறு பேர் இல்லை, நாற்பது பேர். கேட்டுக்கொண்டார்கள், நன்றி என்றார்கள். அடுத்த வருடம் மரிம்பா பயிற்சியாளர் வந்தார், மாவட்டச் செலவில். ஆனால் அதே வருடம் தொடக்கப்பள்ளியில் வயலின் வகுப்பு வாரத்துக்கு இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது.

வரிக்கணக்கு வாசுகி:

இன்னொன்று விட்டுவிட்டேன். பிள்ளையின் ஃபீஸாகக் கட்டும் 1,150-ஐ வரித்தாக்கலில் நன்கொடை என்று காட்டாதீர்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் பயனுக்குக் கட்டிய பணம் அது. அதற்கு மேல் மனசார ஏதாவது கொடுத்தால் அது நன்கொடை, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வருடாவருடம் மார்ச்சில் யாராவது ஒருவர் என்னிடம் இதற்குச் சண்டைக்கு வருவார்.

கிளாரினெட் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பூஸ்டர் கூட்டத்துக்குப் போனேன். கஃபேட்டீரியாவில் பதினெட்டுப் பேர், அதில் பத்துப் பேர் நிர்வாகிகள். ஃபீஸில் எது பள்ளிக்கு, எது கிளப்புக்கு என்று கேட்டேன். உடனே தாள் எடுத்துக் காட்டினார்கள், 350 பள்ளிக்கு, 800 கிளப்புக்கு. ஒளிக்கவில்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பேரில் கணக்கு ஏற்றுவது பற்றி வாசுகி மேடம் சொன்ன 2013 தீர்ப்பைச் சொன்னேன். தலைவருக்குத் தெரிந்திருக்கவில்லை, பொருளாளருக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஜனவரியிலிருந்து எல்லாம் ஒரே பானை என்று பேச்சு, ஓட்டெடுப்பு அடுத்த கூட்டத்தில். ஒரு அம்மா மட்டும் எழுந்து, ‘அப்படியென்றால் நான் ஏன் ஆறு ஞாயிறு நிற்க வேண்டும், மற்றவர்கள் வீட்டில் தூங்கட்டுமா’ என்று கேட்டார். அதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை, என்னிடமும்.

மனைவி யூனிஃபார்ம் குழுவில் சேர்ந்துவிட்டாள். ஒரே நாளில் 23 கோட்டுக்குக் கை நீளம் இறக்கினாள். மகள் வெள்ளிக்கிழமை முதல் ஹாஃப் டைம் ஆடினாள். இரண்டாவது பாட்டில் ஒரு அடி தப்பாக வைத்துவிட்டாளாம், எனக்குத் தெரியவில்லை. வீடு வரும்வரை அந்த ஒரு அடியைப் பற்றியே பேசினாள்.

காலண்டரில் இன்னும் ஒன்பது கட்டம் காலி: 1, 4, 17, 19, 22, 26, 27, 30, 31. இது முழுக்க பொதுப் பானைக்குத்தான் போகிறது, கேட்டுவிட்டேன். யார் கணக்கிலும் ஏறாது.

தஞ்சாவூர் தாத்தா (ஆறு மாத விசா):

26 எனக்கு. மகனிடம் சொல்லி அனுப்புகிறேன்.

பழைய டியூபா:

17 மற்றும் 22.

மல்லிகா (பேண்டு அம்மா x 2):

31, 30. சிவா சார், எங்கே போய்விட்டீர்கள்?

சிக்கனம் சிவா:

1ஆம் தேதி எனக்கு. கொள்கைக்காக ஒரே ஒரு டாலர். ரசீது வேண்டும்.